மயிலம் கோலும் பொம்மையார்பாளையத்து வலையும்

அன்பு மகனே,

கோட்டக்குப்பத்துக் காதர் பாய் நாளை மறுநாள் தோஹா திரும்புகிறார். அவர் பெட்டியில் உன் அம்மா உனக்காக ஏற்றியிருக்கும் கேப்பை மாவு, வறுத்த மல்லாட்டை, ஊறுகாய் எல்லாவற்றின் எடையையும் பார்த்தால், விமானம் மேலே எழும்புவதற்கு ஓடுபாதையைத் திண்டிவனம் வரைக்கும் நீட்ட வேண்டியிருக்கும். அந்த மாவுப் பொட்டலத்துக்குள்தான் இந்தக் கடிதத்தை வைத்திருக்கிறேன். உறைக்குள் இன்னொரு சின்னப் பொருளும் இருக்கிறது. அதை முதலில் எடுத்துப் பார்க்காதே. தொண்ணூறு நிமிஷ ஆட்டத்தில் சர்ச்சைக்குரிய பத்து விநாடியை மட்டும் உருட்டி உருட்டிப் பார்ப்பது உன் தொழில் புத்தி. உன் அப்பனிடம் அது செல்லாது. ஒழுங்காக முதல் விசிலிலிருந்து படி. போனில் பேசியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் பேசினால் நான் ஏதாவது வேடிக்கை சொல்லித் தப்பித்துவிடுவேன். முப்பது வருஷத்துக்கு மேலாக அப்படித்தான் தப்பித்துக்கொண்டிருக்கிறேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ யாருடைய பிள்ளை என்பதை முதலில் ஞாபகப்படுத்திவிடுகிறேன். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் பந்து உருண்ட எந்தக் கட்டாந்தரையிலும் என் பூட்ஸ் படாத இடம் கிடையாது. நான் விசில் ஊதினால் விழுப்புரம் ஜங்ஷனில் நிற்கிற ரயில் எல்லாம் கிளம்பிவிடும் என்பதால், ஆட்டம் உள்ள நாட்களில் ரயில் நேர அட்டவணையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் ஊதுவேன். சிவப்பு அட்டையை நான் சட்டைப் பையிலிருந்து எடுக்கும் அழகைப் பார்ப்பதற்காக வேண்டுமென்றே தப்பாட்டம் ஆடி வெளியேறியவர்கள் உண்டு. ஆட்டம் முடிந்ததும் தோற்ற ஊர்க்காரர்கள் என்னை ஊர் எல்லை வரை வந்து வழியனுப்புவார்கள், ஓட்டமாக. ஓடுகிற பஸ்ஸில் ஏறுவதில் இந்த மாவட்டத்தில் என்னை மிஞ்ச ஆள் இருந்ததில்லை. இதையெல்லாம் உனக்கு ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். ஆயிரத்தோராவது தடவை சொல்வதற்குக் காரணம், இந்தக் கதையில் நான் சொல்லாமல் விட்ட ஒரு துண்டு இருக்கிறது.

போன மாதம் டி.வி.யில் ஒரு ஆட்டம் பார்த்தேன். கடைசி நிமிஷத்தில் ஒரு பையன் தலையால் முட்டி கோல் போட்டான். நான் நாற்காலியிலிருந்து குதித்தேன். இந்த வயதில் இந்த முழங்காலை வைத்துக்கொண்டு குதித்தது சாதாரண விஷயமில்லை. கூரை விசிறி என் தலைமுடியைச் சீவிவிட்டது. காபி உன் அம்மாவின் புடவையில் கொட்டியது. அதற்குள் அந்த ரெஃப்ரீ காதில் விரலை வைத்துக்கொண்டு சிலை மாதிரி நின்றுவிட்டார். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம். உன்னை மாதிரி வீடியோ பார்க்கிறவர்கள் திரையில் கோடு போட்டார்கள், கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு போட்டார்கள். கடைசியில் அந்தப் பையனுடைய தோள்பட்டை விரல் அகலம் முன்னால் இருந்ததாம், கோல் கிடையாதாம். சரி, கோலை எடுத்துக்கொள்ளுங்கள். என் குதியைத் திருப்பிக் கொடுப்பது யார்? உடனே உனக்குப் போன் போட்டுக் கத்தினேன். நீ வேலையில் இருந்தாய், ஆனாலும் எடுத்தாய்.

"நைனா, அது ஆஃப்சைடுதான். ஒரு விரலா இருந்தாலும் ஆஃப்சைடு ஆஃப்சைடுதான்."

"விரல அளக்கறதுக்கு நீ தையல்காரனா போயிருக்கலாமேடா."

"நீங்க குதிச்சதுக்காக அந்த டீம் தோக்கணுமா? தப்பா ஒரு கோல் குடுத்து, ஒருத்தன் வாழ்க்க பூரா அதையே நெனச்சிக்கினு இருக்கணுமா? தாஸ் மாமாவ பாத்துமா உங்களுக்குப் புரியல?"

சிக்னல் சரியில்லை என்று சொல்லிப் போனை வைத்தேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

தாஸ் மாமா உனக்குப் புதிதல்ல. நீ நடக்க ஆரம்பித்த நாளிலேயே உன் காலில் பந்தைத் தட்டிவிட்டவர் அவர். திண்டிவனம் பைபாஸில் அவருடைய லேத் பட்டறையில் உட்கார்ந்து நீ வீட்டுப்பாடம் எழுதியிருக்கிறாய். கல்லூரியில் நானும் அவரும் ஒரே அறை, ஒரே சோப்பு. அவர் ஆடினார், எனக்கு ஆட்டம் வரவில்லை, அதிகாரம் வந்தது, அதனால் ரெஃப்ரீ ஆனேன். நம் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவர் உன்னை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு மயிலம் ஃபைனல் கதையைத் தொடங்குவார்: "உங்கப்பன் ரெண்டு கண்ணையும் வச்சிக்கினு அன்னிக்கு இன்னா பண்ணான்னு கேளு." நீ என்னைப் பார்ப்பாய். "நைனா, அது கோலா இல்லியா?" நான் மீசையைத் தடவிக்கொண்டு, "நடுவர் தீர்ப்பே இறுதியானது" என்று சக்கரவர்த்தி மாதிரி சொல்வேன். அவர் சிரிப்பார். நீ மட்டும் சிரிக்க மாட்டாய். ஏழெட்டு வயதில் ஒரு நாள் நீ சொன்னது எனக்கு அப்படியே காதில் இருக்கிறது: "அன்னிக்கு யாராவது போட்டோ புடிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும் இல்ல?" இன்றைக்கு நீ தோஹாவில் இருட்டறையில் பன்னிரண்டு திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து, ரெஃப்ரீகளுக்கு வேண்டிய காட்சியைத் தேடி எடுத்துக் கொடுக்கிறாய். உன்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்தது எந்தப் படிப்பும் இல்லை, அந்தக் கேள்விதான் என்று எனக்குத் தெரியும். ஏர்போர்ட்டில் உன்னைக் கட்டிப்பிடித்தபோதும் தெரியும். அப்போதும் சொல்லவில்லை.

இப்போது சொல்கிறேன். அந்தக் காலத்தில் எங்கள் டோர்னமெண்டுகளில் கோல் போஸ்டுக்கு வலை கிடையாது. மூங்கில் இரண்டு, மேலே குறுக்காக ஒன்று, அவ்வளவுதான். பந்து உள்ளே போனதா வெளியே போனதா என்று ஆட்டத்தை நிறுத்தி அரைமணி நேரம் சண்டை நடக்கும். ஃபைனலுக்கு மட்டும் மரியாதையாக வலை கட்ட வேண்டும் என்று, பொம்மையார்பாளையத்து மீனவர்களிடம் பழைய வலையை இரவல் வாங்கி வருவார்கள். அந்த வலை வந்து இறங்கினால் மயிலம் மலையடிவாரத்துக்கே கடல் வந்துவிட்ட மாதிரி இருக்கும். காக்காய்கள் குறுக்குக் கம்பத்தில் வரிசையாக உட்காரும். பூனைகள் பெனால்டி ஏரியாவுக்குள் புகுந்து நிற்கும். அவற்றை ஆஃப்சைடு கொடுத்துத்தான் வெளியேற்ற வேண்டும். கோல்கீப்பர்கள் மூக்கில் பஞ்சு வைத்துக்கொண்டு ஆடுவார்கள். மறுநாள் வலையைக் கரையில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், ஒரு கண்ணி கூட அறாமல். அதுதான் ஏற்பாடு.

வலையைக் கட்டி முடித்ததும், ஆட்டம் தொடங்குவதற்கு முன், ரெஃப்ரீ இரண்டு பக்கமும் நடந்து போய், ஒவ்வொரு மூலையையும் கையால் இழுத்துப் பார்க்க வேண்டும். உலகத்தில் எந்த ரெஃப்ரீக்கும் அதுதான் முதல் வேலை. அன்றைக்கு நான் அதைச் செய்யவில்லை. ஏன் என்றால் மேடையில் தலைமை விருந்தினருக்குச் சால்வை போர்த்திய கையோடு, "நம்ம ரெஃப்ரீ சாருக்கும் ஒண்ணு" என்று மைக்கில் கூப்பிட்டார்கள். வாழ்க்கையில் எனக்கு விழுந்த முதல் சால்வை. அதைப் போட்டுக்கொண்டு மேடையில் நின்றேன், வீடியோக்காரர் விளக்கை என் முகத்தில் அடித்தார், நான் இப்படியும் அப்படியும் திரும்பிக் காட்டினேன். அவர் விழுப்புரத்தில் கல்யாண வீடியோ எடுக்கிறவர். விழாவைப் படம் பிடிக்க கமிட்டிக்காரர்கள் கூப்பிட்டிருந்தார்கள். இறங்கி வரும்போது நேரமாகிவிட்டது. கூட்டம் கத்தியது. தூரத்திலிருந்தே வலையைப் பார்த்துக் கட்டை விரலைக் காட்டிவிட்டு விசிலை ஊதினேன்.

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் ஃபைனல். தாஸ் மாமா திண்டிவனத்துக்கு ஆடினார். சென்னையில் ஒரு பெரிய கம்பெனியின் அணிக்கு ஆள் எடுக்க ஒருவர் வந்திருந்தார். வேலையும் சேர்த்துக் கிடைக்கும் என்று பேச்சு. அது தாஸ் மாமாவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். கடைசி ஐந்து நிமிஷம் வரை கோல் இல்லை. அப்புறம் அவர் பாதி மைதானத்திலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு ஓடினார். மிகைப்படுத்தவில்லை, நாலு பேரைத் தாண்டினார். நாலு பேர்தான், மற்ற கதைகளில் நான் பதினாலு என்று சொல்லியிருப்பேன். நான் நாற்பது அடி பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்துக்கு லைன்ஸ்மேன் வரவே இல்லை. தாஸ் மாமா பெனால்டி ஏரியாவுக்குள் போய்த் தரையோடு ஒரு அடி அடித்தார். அடித்த வேகத்தில் குப்புற விழுந்தார். பந்து இடது கம்பத்தை ஒட்டிப் போனது. வலை ஆடியது. பந்து வலைக்கு வெளியே உருண்டு மல்லாட்டைக் கொல்லைக்குள் கடலைச் செடிகளுக்கு நடுவே போய்விட்டது. பாதிக் கூட்டம் "கோல்" என்றது, பாதிக் கூட்டம் "வெளிய" என்றது. உள்ளே போயிருந்தால் பந்து வலைக்குள் அல்லவா கிடக்க வேண்டும்? வலையின் வெளிப்பக்கத்தில் பட்டு ஓடியிருக்கிறது என்று நினைத்தேன். பார்க்கவில்லை, நினைத்தேன். கையை நீட்டி, கோல் இல்லை, வெளியே போன பந்துக்கான கோல் கிக்தான் என்று காட்டினேன். பெனால்டியில் விழுப்புரம் ஜெயித்தது. கம்பெனிக்காரர் வேறு இரண்டு பேரின் பெயரை எழுதிக்கொண்டு போனார்.

இதுவரைக்கும் உனக்குத் தெரிந்த கதை. இனி தெரியாதது. கோப்பை கொடுக்க எல்லாரும் மேடைப் பக்கம் போய்விட்டார்கள். நான் அந்த கோல் போஸ்ட் பக்கம் போனேன். இடது கம்பத்தை ஒட்டி, பக்கவாட்டு வலையில், தரையோடு தரையாக ஒரு ஓட்டை. பந்து தாராளமாகப் போகும். உள்ளே வந்த பந்து அது வழியாக வெளியே போயிருக்கலாம். வெளியே போன பந்து அதைத் தொடாமலும் போயிருக்கலாம். நான் செய்திருக்க வேண்டியது, மேடைக்குப் போய், மைக்கை வாங்கி, "வலையை நான் சோதிக்கவில்லை, ஓட்டை இருக்கிறது" என்று சொல்வது. நான் செய்தது வேறு. கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி, அதன் கறுப்புக் கயிற்றை உருவி, அந்த ஓட்டையை இழுத்துக் கட்டிவிட்டேன். ஆட்டம் முடிந்ததும் மறுபடி எடுத்துப் போட்ட சால்வை வேறு தோளில் இருந்தது. கட்டிவிட்டு நிமிர்ந்தபோது, மைதானத்தின் நடுவில் தாஸ் மாமா புழுதியோடு உட்கார்ந்திருந்தார். போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை போட்டேன். பிறகு பந்தியில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். மறுநாள் வலையைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, அதன் சொந்தக்காரர் அந்த முடிச்சைப் பார்த்துவிட்டு, "எவன்பா இத்த கட்டினவன், மீனு பாத்தா சிரிக்கும்" என்றார். நானும் சிரித்தேன். உனக்கு நினைவிருக்கும், எல்லா ரெஃப்ரீகளும் விசிலைக் கழுத்தில் போடும்போது நீங்கள் மட்டும் ஏன் பையில் வைக்கிறீர்கள் என்று கேட்டாய். வியர்வை படும் என்று சொன்னேன். அதற்கப்புறம் எனக்கு விசிலில் கயிறு கோக்கக் கை வரவில்லை, அதுதான் விஷயம்.

இந்த வருஷம் பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது அந்த வீடியோக்காரரின் மகன், அப்பாவின் பழைய கேசட்டுகளை எல்லாம் மாற்றி, மயிலம் ஃபைனலை ஒரு பென் டிரைவில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தானே. நீ ஆசையாக டி.வி.யில் செருகினாய். நான் சால்வையோடு திரும்பித் திரும்பி நிற்பதைப் பார்த்து உன் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். திடீரென்று டி.வி. அணைந்தது. கரண்டு போய்விட்டது என்று சொன்னேன். "ஃபேனு சுத்திக்கினுதான இருக்குது" என்றாள் அவள். பிளக்கைப் பிடுங்கியது நான்தான். அன்று சாயந்திரம் நீ பென் டிரைவைத் தேடினாய், கட்டிலுக்கடியில் படுத்துத் தேடினாய், நானும் கூடவே படுத்துத் தேடினேன். அது கேப்பை மாவு டின்னுக்குள் இருந்தது. நான்தான் புதைத்தேன். ஓட்டையை இரண்டாவது தடவை கட்டினேன், இந்தத் தடவை என் பிள்ளையின் கண்ணில்.

நீ கிளம்பிப் போன பிறகு, உன் அம்மா மயிலம் கோயிலுக்குப் போயிருந்த ஒரு பகலில் அதை எடுத்துத் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். தாஸ் மாமா பந்தோடு ஓட ஆரம்பித்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். உலகத்துப் புலிகளையெல்லாம் வெறுங்கையால் விரட்டிய உன் அப்பன், ரிமோட்டைத் தடவித் தடவி முன்னால் ஓட்டிவிட்டான். கண்ணைத் திறந்தபோது கோப்பை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். திரையின் மூலையில், ஒரு காக்காய் அளவுக்கு, சால்வை போட்ட ஒருவன் வலையருகே குனிந்து நிற்கிறான். வேறு யார் பார்த்தாலும் ஏதோ பொறுக்குகிறான் என்றுதான் நினைப்பார்கள். நீ பார்த்தால் நிறுத்திப் பெரிதாக்குவாய்.

அதனால் போன செவ்வாய்க்கிழமை திண்டிவனம் பஸ் ஏறினேன். தாஸ் மாமா லேத்தில் ஏதோ கடைந்துகொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வேடிக்கை கூடக் கலக்கவில்லை. எனக்கே என் குரல் அடையாளம் தெரியவில்லை. அவர் மெஷினை நிறுத்தினார்.

"ஓட்டை எவ்ளோ பெருசு?"

கையால் காட்டினேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக் கொஞ்சம் அகட்டி வைத்துப் பார்த்தார்.

"பந்து போவுமா?"

"போவும் தாசு."

ரொம்ப நேரம் இரும்புத் தூளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். "ஒண்ணு சொல்றேன் கேளு. நான் பாக்கவே இல்லடா. அடிச்சதும் மூஞ்சி மண்ணுல. தல தூக்கறேன், பாதிப்பேரு கோலுன்றான். நானும் கோலுன்னேன். அன்னியிலருந்து சொல்லிக்கினே இருக்கேன். எனக்கே தெரியாது."

"அப்ப நான் குடுத்தது சரியா கூட இருக்கலாம்" என்றேன். வாயிலிருந்து வந்துவிட்டது.

அவர் என்னைப் பார்த்தார். "நீ தப்பா குடுத்தேன்னு நான் ஒருநாளும் கோவப்படல. மனுசன் கண்ணு, அவ்ளோதான். கட்டிட்டு வந்து எம்பக்கத்துல குந்திக்கினு சோறு துன்ன பாரு. அதத்தான்டா என்னால..." டீ வரவழைத்தார். ஒரு டீ. எனக்கு மட்டும்.

பையிலிருந்து பென் டிரைவை எடுத்து நீட்டினேன். அவர் தொடவில்லை. "நான் பாத்தா கோலுன்னுதான் தெரியும். நீ பாத்தா வெளியன்னுதான் தெரியும். அவன்கிட்ட அனுப்பு. அவன் தொழிலே அதான. பாத்துட்டு மொதல்ல எனக்கு சொல்லட்டும், உனக்கு இல்ல."

பஸ்ஸில் திரும்பி வரும்போது உன்னோடு போட்ட சண்டைகளையெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். உன் வீடியோப் பெட்டி என் குதியைத் திருடியது திருடியதுதான், அதில் நான் மாறவில்லை. கோல் விழுந்ததும் எதிரே நிற்பவனைக் கட்டிப்பிடிக்காமல் ரெஃப்ரீயின் காதைப் பார்த்து நிற்கிற கூட்டத்தைப் பார்த்தால் எனக்கு அழுகை வருகிறது. ஆனால் அன்றைக்கு மயிலத்தில் அப்படி ஒரு பெட்டி இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? நான் ஓடிப் போய்க் குனிந்து பார்த்திருப்பேன், ஓட்டை தெரிந்திருக்கும், மூவாயிரம் பேர் என்னைத் திட்டியிருப்பார்கள், சால்வையைப் பிடுங்கியிருப்பார்கள். சாயந்திர பஸ்ஸோடு அந்தக் கேவலம் முடிந்திருக்கும். எனக்குத் தப்பு செய்ய அரை விநாடி ஆனது. அதை யாரும் மன்னிப்பார்கள். அதற்கப்புறம் யாரும் இல்லாத மைதானத்தில் குனிந்து கயிறு கட்ட நேரம் கிடைத்தது பார், அந்த நேரம் எனக்குக் கிடைக்காமல் இருந்திருக்கலாம். ஆட்டத்துக்கு உன் பெட்டி நல்லதா என்று எனக்கு இன்னும் தெரியாது. அந்த ரெஃப்ரீக்கு நல்லதாக இருந்திருக்கும்.

இப்போது உறையைக் கவிழ்த்து அந்தப் பென் டிரைவை எடுத்துக்கொள். தூசியைத் துடைத்துவிட்டுப் போடு. மாவு உள்ளே போயிருந்தால் ஊதிவிடு. எத்தனை தடவை வேண்டுமானாலும் நிறுத்திப் பார், நீ சொன்ன மாதிரி விரல் விரலாக அளந்து பார். ஒன்றுமே தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே சொல். யாருக்காகவும் ஒரு கோட்டைக் கூட நகர்த்தாதே, முக்கியமாக எனக்காக. கோப்பை கொடுக்கிற இடத்தில் நிறுத்திவிடாமல் கடைசி வரைக்கும் பார், மூலையில் குனிந்து நிற்பவனையும் பார். பார்த்து முடித்ததும் தாஸ் மாமாவுக்குப் போன் போடு. எனக்குப் போடாதே, நான் எடுக்க மாட்டேன். எதுவாக இருந்தாலும் அவரே நேரில் வந்து என்னிடம் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். அவர் வருகிற அன்றைக்கு மீன் குழம்பு வைக்கச் சொல்லி உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். இலை போட்டுவிட்டு வாசலில் நின்றுகொண்டிருப்பேன். இந்தத் தடவை அவர் சொல்லி முடித்து, பக்கத்தில் உட்காரச் சொன்ன பிறகுதான் உட்காருவேன்.

உன் அப்பன்
விழுப்புரம்